இடிந்த வீட்டுக்குள் ஆள் இருக்கும்போது, தீயணைப்பு வண்டி வரும்வரை என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் தஞ்சாவூர் பக்கம். ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் ஒரு பழைய மாடி வீடு விடியற்காலையில் இடிந்து விழுந்தது. உள்ளே எத்தனை பேர் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. வாய்க்கால் உடைந்து சாலை துண்டாகிவிட்டதால் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்சும் வர வெகு நேரம் ஆனது. தெருக்காரர்கள் எல்லாரும் ஏறித் தோண்டினோம். ஒருவர் ஜேசிபி கொண்டுவந்தார். தொடை மேல் உத்திரம் கிடந்த ஒரு பெரியவர் ஐந்து மணி நேரமும் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார், இளநீர்கூடக் குடித்தார். ஆம்புலன்ஸ் வந்ததும் அவசர அவசரமாக உத்திரத்தைப் புரட்டி அவரை ஏற்றினோம். போகும் வழியிலேயே இறந்துவிட்டார். எங்கள் மேல் தப்பா? இன்னொரு முறை இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்? பக்கத்து வீட்டுச் சுவர் இன்னும் சாய்ந்தபடி நிற்கிறது.

பதில்: பக்கத்து வீட்டுச் சுவருக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்தப் பெரியவர்.

அவர் எதனால் இறந்தார் என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வரிசை, அதாவது பல மணி நேரம் சிக்கியிருந்தது, நன்றாகப் பேசியது, பாரத்தை எடுத்ததும் சட்டென்று சரிந்தது, மீட்பு வேலையில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த வரிசை. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மேல் குண்டு விழுந்த காலத்தில், இடிபாட்டிலிருந்து எடுத்தவர்களிடம் மருத்துவர்கள் இதைக் கவனித்தார்கள். 1941-இல் பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் இதை விவரித்து எழுதினார்கள். நசுங்கல் பாதிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

நடப்பது இதுதான். பெரிய பாரம் தொடையையோ இடுப்பையோ மணிக்கணக்கில் அழுத்தும்போது அங்கே தசை செத்துக்கொண்டே வருகிறது. செத்த தசையிலிருந்து பொட்டாசியம், அமிலம், மயோகுளோபின் என்ற புரதம் எல்லாம் கசிகின்றன. பாரம் மேலே இருக்கும்வரை இவற்றில் பெரும்பகுதி அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். பாரத்தைத் தூக்கினதும் மடை திறந்த மாதிரி ரத்தத்தில் கலக்கும். பொட்டாசியம் இதயத்தை நிறுத்தும். அதில் தப்பினாலும், மயோகுளோபின் அடுத்த சில நாட்களில் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதனால்தான் பயிற்சி பெற்ற குழு வந்தால், ஆள் இன்னும் உள்ளே இருக்கும்போதே கையில் ஊசி ஏற்றி சலைன் இறக்குவார்கள். பாரத்தைத் தூக்குவது அதற்கு அப்புறம்தான்.

ஆகவே, ஆம்புலன்ஸ் வந்தபின் நீங்கள் காட்டிய அந்த அவசரம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் இதை யாரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. தெரியாமல் செய்ததற்கு உங்களை நொந்துகொள்ளாதீர்கள். இனி தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன்.

சிக்கிச் சில நிமிடங்களே ஆகியிருந்தால், முடிகிறபோது உடனே எடுத்துவிடுங்கள். நெஞ்சு, வயிறு, கழுத்து, தலை மேல் பாரம் இருந்தால் எத்தனை நேரம் ஆகியிருந்தாலும் அதை விலக்குவதுதான் முதல் வேலை. மூச்சு நின்றால் மற்றது எதுவும் பயன்படாது. ஆனால் காலோ தொடையோ சிக்கிப் பல மணி நேரம் ஆகிவிட்டது, மூச்சு சீராக இருக்கிறது, மேலே வேறு ஆபத்தும் இல்லை என்றால், 108 ஊழியர் பக்கத்தில் வந்து உட்காரும்வரை பாரத்தில் கை வைக்காதீர்கள். அவரிடம் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் "இவர் இத்தனை மணியிலிருந்து இப்படிச் சிக்கியிருக்கிறார்" என்பது. யாரும் வந்து சேர வழியே இல்லை என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் 108-ஐ லைனில் வைத்துக்கொண்டு, அவர்களிடம் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள்.

இளநீர் விஷயம் மனதை உறுத்தும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் மயங்கியவருக்கு இளநீர்தான் முதல் மருந்து. மற்ற நேரத்தில் நல்லதுதான். நசுங்கிக் கிடப்பவருக்கு மட்டும் ஆகாது, ஏனென்றால் இளநீரில் பொட்டாசியம் நிறைய. உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டிலும் பொட்டாசியம் உண்டு. அந்த ஒரு இளநீரால்தான் உயிர் போனது என்று நான் சொல்லவில்லை, செத்த தசையிலிருந்து வரும் அளவோடு ஒப்பிட்டால் அது சின்னது. அடுத்த முறை வேண்டாம், அவ்வளவுதான். வாய் உலர்ந்தால் உதட்டை நனைத்துவிடுங்கள். அப்புறம், "விஷம் மேலே ஏறாமல்" என்று சொல்லித் தொடையில் கயிறு கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரத்தம் பீறிட்டு, அழுத்திப் பிடித்தும் நிற்காதபோது தவிர, கட்டாதீர்கள்.

சரி, இப்போது முதல் நிமிடத்துக்கு வருவோம்.

மீட்புப்படை வரும்வரை தெருக்காரர்கள் ஒதுங்கி நிற்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். 1995-இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் சிக்கியவர்கள் சுமார் 35,000 பேர் என்று கணக்கிட்டார்கள். அவர்களில் சுமார் 27,000 பேரை வெளியே எடுத்தது அக்கம்பக்கத்தார்தான். தீயணைப்புத் துறை, போலீஸ், ராணுவம் எல்லாம் சேர்ந்து எடுத்தது மீதியைத்தான். அதே கோபேயில், முதல் நாள் தீயணைப்பு வீரர்கள் எடுத்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேருக்கு உயிர் இருந்தது. மறுநாள் எடுத்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான். நாலாம் நாள் இருபதில் ஒருவர். நேரம் அப்படி ஓடுகிறது. அந்த நேரத்தில் உங்கள் தெருதான் அங்கே இருக்கும்.

ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. 1985 மெக்சிகோ நகர நிலநடுக்கத்தில் பயிற்சியில்லாத பொதுமக்கள் சுமார் 800 பேரைக் காப்பாற்றினார்கள் என்று மீட்புப் பயிற்சி வகுப்புகளில் சொல்வோம். அந்த முயற்சியில் அவர்களில் சுமார் 100 பேர் செத்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வோம்.

இத்தனை வருஷம் இந்த வேலையில் இருந்து நான் கண்டது: ஆட்கள் இல்லாமல் எந்த இடத்திலும் வேலை கெடவில்லை. உள்ளே யார், எங்கே என்ற தகவல் இல்லாமலும், கேட்க முடியாத இரைச்சலாலும்தான் கெடுகிறது. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரியும் அதுதான், "உள்ளே எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியவில்லை."

அதனால் 112 அல்லது 101-க்குப் போன் போட்டதும், கடப்பாரையைத் தேடுவதற்கு முன்னால், ஒருவர் நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளட்டும். தெருவில் நிதானமான ஆள் யாரோ அவர். அந்த வீட்டில் இருப்பது யார் யார், ராத்திரி யார் எந்த அறையில் படுப்பார்கள், விருந்தாளி உண்டா, பால்காரர் வந்து போய்விட்டாரா, வேலைக்குப் போனவர் யார் என்று எழுதட்டும். வெளியே வந்த ஒவ்வொருவரிடமும், ஆம்புலன்சில் ஏற்றுவதற்கு முன்னால், "உன் பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று ஒரே கேள்வி. அவர் போய்விட்டால் அந்தத் தகவலும் போய்விடும். வீட்டின் வரைபடத்தைத் தோராயமாகக் கிறுக்கி, சமையலறை, மாடிப்படி, கட்டில் கிடந்த இடம் எல்லாம் குறித்துவையுங்கள். தீயணைப்பு அலுவலர் வந்து இறங்கினதும் அவர் கையில் அந்தத் தாளைக் கொடுத்தீர்களானால் அவருக்குப் பல மணி நேரம் மிச்சம்.

அதே நேரத்தில் இன்னொருவர் மின்சாரத்தைத் துண்டிக்க ஈபிக்காரருக்குச் சொல்லட்டும். அறுந்து கிடக்கும் ஒயரை நீங்களே இழுக்க வேண்டாம். சமையல் சிலிண்டர் கசியும் வாசனை வந்தால் பீடியும் தீக்குச்சியும் தூரம் போகட்டும். தண்ணீர்த் தொட்டி வால்வை மூட மறந்துவிடுவார்கள். உடைந்த குழாயிலிருந்து வழியும் தண்ணீர் கீழே சிக்கியவரின் முகத்தருகே தேங்கலாம்.

அடுத்தது அமைதி. கூட்டத்துக்கு இதைப் புரியவைப்பதுதான் மிகவும் கஷ்டம். எல்லாரும் கையை நிறுத்த வேண்டும், ஜேசிபி எஞ்சின், ஜெனரேட்டர் அணைய வேண்டும், அழுகிறவர்களைக்கூடக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போக வேண்டும். ஒருவர் மட்டும் குரல் கொடுக்க வேண்டும்: "உள்ளே யாராவது இருக்கீங்களா? கேட்டா மூணு தடவை தட்டுங்க." அப்புறம் ஒரு நிமிடம் முழுவதும் மௌனம். நீட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாயிலோ கம்பியிலோ காதை வைத்துக் கேளுங்கள். சிக்கியவரின் செல்போனுக்கு அழைப்பதும் இந்த மௌனத்தில்தான், அதுவும் ஒரே ஒருவர். உறவினர் இருபது பேர் மாறி மாறி அழைத்தால் பேட்டரிதான் தீரும். பின்பு இடத்தை மாற்றி மறுபடியும். உலகம் முழுக்க மீட்புக் குழுக்கள் விசிலுக்கு ஒரே மொழி வைத்திருக்கிறார்கள்: நீளமாக ஒரு ஊதல் என்றால் எல்லாரும் நிறுத்தி அமைதி, நீளம் ஒன்று குட்டை ஒன்று என்றால் வேலையைத் தொடரலாம், குட்டையாக மூன்று என்றால் உடனே இறங்கி வெளியே ஓடு. பள்ளிக்கூட பீ.டி. வாத்தியார் விசில் ஒன்று இதற்குப் போதும்.

குவியலின் மேல் ஏறுவதற்கு முன் அது எப்படி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். கான்கிரீட் கட்டிடமும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடும் (மர உத்திரத்தின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தளம் போட்டது) ஒரே மாதிரி விழுவதில்லை. கான்கிரீட் தளம் பலகை மாதிரி விழும். ஒரு பக்கம் சுவரில் சாய்ந்து நின்றால், சார்ப்புக் கூரை போல அடியில் முக்கோண இடைவெளி இருக்கும். நடுவில் உடைந்து மடிந்தால் இரண்டு ஓரத்திலும் இடைவெளி இருக்கும். உயிரோடு ஆள் இருந்தால் பெரும்பாலும் இந்த இடங்களில்தான். தளங்கள் தோசை அடுக்கிய மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்துவிட்டால்தான் மிகவும் மோசம். 2014 ஜூன் 28-இல் சென்னை மௌலிவாக்கத்தில் விழுந்த 11 மாடிக் கட்டிடம் அப்படித்தான் படிந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆனாலும் அங்கேயே, சுமார் மூன்று நாள் கழித்து ஒருவரை உயிருடன் எடுத்தார்கள். அடுக்கிலும் எங்காவது ஒரு பீமோ பில்லரோ தாங்கி இடம் விட்டிருக்கும்.

உங்கள் தெரு வீடு உத்திரம் போட்ட வீடு. செங்கல்லும் சுண்ணாம்பும் உதிர்ந்து மண்மேடாகிவிடும், இடைவெளி குறைவு, புழுதி மூச்சை அடைக்கும். இங்கே நேரம் இன்னும் குறைவு. நல்ல விஷயம், துண்டுகள் சின்னவை, கையால் அள்ளலாம். மேலிருந்து தளர்வாகக் கிடப்பதை மட்டும் எடுத்து, வரிசையாக நின்று பாண்டுச் சட்டியில் கைமாற்றித் தெருவுக்கு அனுப்புங்கள். குவியலின் இன்னொரு மூலையில் கொட்டாதீர்கள், அங்கேயும் ஆள் இருக்கலாம். நீட்டிக்கொண்டிருக்கும் உத்திரத்தையோ கம்பியையோ பிடித்து இழுக்காதீர்கள். ஒருவர் மேல் விழாமல் தாங்கி நிற்பதே அதுவாக இருக்கலாம். மேலே நான்கைந்து பேர் போதும், மற்றவர்கள் கீழே. தனியாக ஒருவர், தோண்டாமல், நிற்கும் சுவர்களை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். புழுதி கொட்டினாலோ, முறியும் சத்தம் கேட்டாலோ அவர் மூன்று விசில் ஊத வேண்டும்.

ஜேசிபி? குவியலுக்கு மேல் வேண்டாம். அதன் கரண்டி ஒரு பக்கம் இழுத்தால் மறு பக்கம் சரியும், ஓட்டுபவருக்கு அது தெரியாது. அதிர்வே போதும், தொங்கிக்கொண்டிருப்பது விழ. ஆனால் வண்டியைத் திருப்பி அனுப்பவும் வேண்டாம். உங்கள் ஊரில் உடைந்த சாலையில் மண் போட்டு ஆம்புலன்சுக்கு வழி செய்ய அதைவிட நல்ல ஆயுதம் இல்லை. ஐந்து மணி நேரம் மூன்று மணி நேரமாகக் குறைந்திருக்கும்.

நெஞ்சு மேல் இருக்கும் பாரத்தைத் தூக்கியே ஆக வேண்டும் என்றால் லாரி ஜாக்கி உதவும். அடியில் கெட்டியான பலகை வைத்து, ஒரு அங்குலம் தூக்கினால் உடனே ஒரு அங்குலக் கட்டையைப் பக்கத்தில் செருக வேண்டும். கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டிரண்டாக அடுக்குங்கள். ஜாக்கி வழுக்கினாலும் பாரம் கட்டையில் உட்காரும். செங்கல்லை அடுக்கித் தாங்கல் கொடுக்காதீர்கள், பாரத்தில் நொறுங்கிவிடும். ஊரில் சென்ட்ரிங் மேஸ்திரி இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். முட்டுக் கொடுப்பதில் என்னைவிட அவருக்குக் கை பழகியிருக்கும்.

தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தால், அரக்கோணத்திலிருந்து வரும், அவர்களிடம் கேமரா, ஒலி கேட்கும் கருவி, நாய் எல்லாம் உண்டு. 2023-இல் துருக்கிக்குப் போன நம் படையின் ஜூலி என்ற லாப்ரடார் நாய்தான் நூர்தாகியில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரோடு இருப்பதை மோப்பம் பிடித்துக் காட்டியது. நாய் வேலை செய்ய வேண்டுமானால் குவியலில் ஆட்கள் இருக்கக் கூடாது. இறங்கச் சொன்னால் கோபப்படாமல் இறங்கிவிடுங்கள்.

இப்போது அந்தப் பக்கத்து வீட்டுச் சுவர். பொதுச் சுவராக இருந்து ஒரு பக்கத் தாங்கல் போன சுவர், மழை ஊறியபடி நிற்கிறது. அதை நம்பக் கூடாது. சுவரின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு இன்றைக்கே கயிறு கட்டுங்கள், அந்த எல்லைக்குள் சைக்கிள்கூட நிறுத்த வேண்டாம். அந்த வீட்டில் யாராவது படுக்கிறார்களென்றால் இன்று ராத்திரி வேறு இடத்தில் படுக்கட்டும். தாசில்தாருக்கும் ஊராட்சி அல்லது நகராட்சிக்கும் எழுத்தில் கொடுத்து, பொறியாளர் வந்து பார்க்கக் கேளுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. அங்கேயும் சொல்லிவையுங்கள். சுவரில் இருக்கும் விரிசலைக் கயிற்றுக்கு வெளியே நின்று தினமும் பாருங்கள். விரிசல் நீண்டால் யாருக்காகவும் காத்திருக்காமல் தெருவின் அந்தப் பகுதியைக் காலி செய்துவிடுங்கள்.