வெளிநாட்டுப் பயணத்துக்கு எந்த சிம்? வடசென்னை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எத்தனை ஜிபி, எவ்வளவு ரூபாய்" என்றுதான் தொடங்குகின்றன. அதைக் கடைசியில் பாருங்கள். முதலில் உங்கள் செட் அந்த சிம்மை ஏற்குமா, அடுத்து இந்திய நம்பருக்கு ஓடிபி வருமா. இந்த இரண்டும் சரியாக இருந்தால் பேக் தேர்ந்தெடுப்பது பத்து நிமிட வேலை.

பர்மா பஜாரில் பழைய ஐபோன் ஒன்று வாங்கினேன். அடுத்த மாதம் தாய்லாந்து போகிறேன். அதில் வெளிநாட்டு சிம் வேலை செய்யுமா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

இம்போர்ட் செட் என்றால் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, லாக். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் திறந்து கீழே "கேரியர் லாக்" என்ற வரியைத் தேடுங்கள். "நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்" என்று இருந்தால் கவலை இல்லை. வேறு ஏதாவது இருந்தால், அந்த செட் ஏதோ ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். சிம்மோடு ஒட்டிப் போடும் மெல்லிய சிப்பை வைத்து இங்கே ஓட்டிக்கொண்டிருக்கலாம். பாங்காக்கில் வேறு சிம் போட்டதும் அது கைவிட்டுவிடும். சிம் டிரேயை வெளியே இழுத்துப் பாருங்கள். சிம்முக்கு அடியில் பட்டையாக ஒரு தகடு ஒட்டியிருந்தால் அந்த செட்டை நம்பிப் பயணம் போகாதீர்கள்.

இரண்டாவது, எந்த நாட்டு மாடல் என்பது. சீனாவில் விற்ற ஐபோன்களில் பெரும்பாலானவை இரண்டு பிளாஸ்டிக் சிம் எடுக்கும், இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) எடுக்காது. அமெரிக்காவில் விற்றவை நேர் எதிர்: ஐபோன் 14 முதல் சிம் டிரேயே கிடையாது. 17 வரிசையில் ஜப்பான், சவுதி, அமீரக மாடல்களும் அப்படித்தான். டயல் பேடில் *#06# அழுத்துங்கள். ஐஎம்இஐ எண்களோடு ஈஐடி என்ற நீண்ட எண்ணும் வந்தால் இ-சிம் வசதி உண்டு. ஆண்ட்ராய்டு செட்டுக்கும் இதே சோதனைதான்.

மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஐபோன் எக்ஸ்எஸ் முதல் 12 வரை ஒரே நேரத்தில் ஒரு இ-சிம் மட்டுமே ஆன் ஆகும். உங்கள் இந்திய நம்பரை ஏற்கெனவே இ-சிம்மாக மாற்றியிருந்தால், பயண இ-சிம்மை ஆன் செய்யும்போது இந்திய நம்பர் அணைந்துவிடும். ஓடிபி வராது. 13 முதல் இரண்டு இ-சிம்கள் சேர்ந்து ஓடும். 12 அல்லது அதற்கு முந்தையது என்றால் இந்திய நம்பர் பிளாஸ்டிக் சிம்மிலேயே இருக்கட்டும்.

நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் எட்டு நாள் சிங்கப்பூர், மலேசியா போகிறோம். அங்கே போய் சிம் வாங்கலாமா, இங்கேயே இ-சிம் எடுக்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

இரண்டு நாடும் ஒரே பயணம் என்பதால் இரண்டையும் உள்ளடக்கிய இ-சிம் போதும், நாட்டுக்கொன்று வேண்டாம். நான்கு பேருக்கும் தனித்தனி தேவையில்லை. பெரியவர்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று எடுத்து, பிள்ளைகளுக்கு ஹாட்ஸ்பாட் கொடுங்கள். ஆனால் அந்த பேக் ஹாட்ஸ்பாட்டை அனுமதிக்கிறதா என்று வாங்கும் முன் படியுங்கள். 'அன்லிமிடெட்' பேக்குகள் சிலவற்றில் அது அடைக்கப்பட்டிருக்கும்.

அங்கே போய் வாங்குவதென்றால் சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, சிம்பா. மலேசியாவில் செல்காம்டிஜி, ஹாட்லிங்க், யூ மொபைல். இரு நாட்டிலும் ஒரிஜினல் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்தால்தான் சிம் கிடைக்கும். சிங்கப்பூரில் ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்டு சிம்களுக்கு மேல் தரமாட்டார்கள். சிங்கப்பூர் டூரிஸ்ட் சிம்கள் பலவற்றில் மலேசியாவுக்கான ரோமிங் டேட்டாவும் கொஞ்சம் சேர்ந்தே வரும், அட்டையின் பின்பக்கம் பாருங்கள்.

'எட்டு நாள்' என்பதை எப்படி எண்ணுகிறார்கள் என்பதையும் கேளுங்கள். சில பேக்குகள் முதல் இணைப்பிலிருந்து 24 மணி நேரத்தை ஒரு நாளாக எண்ணும். சிலவற்றில் நள்ளிரவோடு நாள் முடியும். இரவு பதினொரு மணிக்கு இறங்கினால் இரண்டாவது வகையில் ஒரு மணி நேரத்திலேயே ஒரு நாள் போய்விடும்.

கூட வரும் பெரியவர் யாராவது பழைய 2ஜி பட்டன் போன் வைத்திருந்தால் அது சிங்கப்பூரில் வேலை செய்யாது. அங்கே 2017-லேயே 2ஜியை நிறுத்திவிட்டார்கள், 3ஜியும் இப்போது இல்லை. 4ஜி போன் தேவை.

வெளிநாட்டில் இருக்கும்போது பேங்க் ஓடிபி வரவேண்டும். ஆனால் இந்திய சிம்மை ஆன் செய்தால் பில் எகிறும் என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, கொருக்குப்பேட்டை

வரும் எஸ்எம்எஸ்ஸுக்குக் காசு கிடையாது. பில்லை ஏற்றுபவை முக்கியமாக மூன்று: டேட்டா ரோமிங், வரும் அழைப்பை எடுப்பது, கால் ஃபார்வர்டிங். இந்த மூன்றையும் அடைத்துவிட்டு இந்திய சிம்மை ஆனிலேயே வையுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வேலையை முடியுங்கள். உங்கள் நிறுவனத்தின் ஆப்பில் இன்டர்நேஷனல் ரோமிங்கை ஆன் செய்யுங்கள். அது ஆன் ஆகாவிட்டால் வெளிநாட்டில் சிக்னலே எடுக்காது, ஓடிபியும் வராது. ரீசார்ஜ் வேலிடிட்டி நீங்கள் திரும்பி வரும் தேதிக்குப் பிறகும் ஒரு வாரம் இருக்கவேண்டும். போன் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான நெட்வொர்க்குகளில் ##002# டயல் செய்தாலே போதும். காரணம் இதுதான்: நீங்கள் எடுக்காத அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டால், அது வெளிநாடு வரை வந்து மறுபடி இந்தியாவுக்குத் திரும்புகிறது. இரண்டு பக்கக் கட்டணமும் உங்கள் தலையில்தான்.

விமானத்தில் ஏறியதும் ஏரோப்ளேன் மோட். சில விமானங்களுக்குள்ளேயே தனி மொபைல் நெட்வொர்க் இருக்கிறது, அதன் கட்டணம் சாதாரண ரோமிங்கைவிடப் பல மடங்கு.

இறங்கியதும் டேட்டாவுக்குப் பயண சிம்மைத் தேர்ந்தெடுங்கள். இந்திய சிம்மில் டேட்டா ரோமிங் ஆஃப். ஐபோனில் இன்னொரு சுவிட்ச் உண்டு: செல்லுலார் டேட்டா பக்கத்தில் "அலவ் செல்லுலார் டேட்டா ஸ்விட்சிங்". அது ஆனில் இருந்தால் பயண சிம்மின் சிக்னல் குறையும்போது போன் தானாகவே இந்திய சிம்முக்குத் தாவும். அதையும் ஆஃப் செய்யுங்கள். இந்தியாவிலிருந்து வரும் சாதாரண அழைப்பை எடுக்காமல் விட்டு, வாட்ஸ்அப்பில் திருப்பிக் கூப்பிடுங்கள்.

வாட்ஸ்அப் "நம்பரை மாற்றவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். யுபிஐ ஆப்கள் பேங்கில் பதிவான சிம் அதே போனில் இருக்கிறதா என்று பார்க்கும், ஆகவே அந்த சிம்மைக் கழற்றி பர்ஸில் வைப்பது நல்ல யோசனை இல்லை. உங்கள் செட்டில் இரண்டாவது சிம் இடத்தை மெமரி கார்டு பிடித்திருந்தால் பயண நாட்களுக்கு கார்டை எடுத்துவிடுங்கள்.

அப்பா, அம்மா உம்ராவுக்குப் போகிறார்கள். இரண்டு பேருக்கும் அறுபத்தைந்துக்கு மேல். சவுதி சிம் வாங்கித் தரலாமா?
– வாசகர், மண்ணடி

சவுதியில் எஸ்டிசி, மொபைலி, ஜெயின் மூன்றும் ஜித்தா, மதீனா விமான நிலையங்களில் கிடைக்கும். பாஸ்போர்ட்டோடு கைரேகையும் பதியவேண்டும், அதனால் வேறொருவர் வாங்கித் தர முடியாது. அவர்களே நேரில் நிற்கவேண்டும். நீண்ட பயணக் களைப்பில், கூட்டத்தில், ரேகை தேய்ந்த விரலோடு வயதானவர்களை அந்த வரிசையில் நிறுத்தவேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அவர்களுடைய இந்திய நம்பரிலேயே சவுதி சேர்ந்த ரோமிங் பேக் போட்டுவிடுங்கள். வரும் அழைப்பு நிமிடங்களும் அதில் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். விலை கூடத்தான், ஆனால் நம்பர் மாறாது, நீங்கள் எப்போதும் போலக் கூப்பிடலாம்.

மக்காவின் பெரிய பள்ளிவாசலான ஹரமில் கூட்டம் நெரியும் நேரத்தில் போன் கிடைக்காமல் போகும், எந்த சிம் ஆனாலும். பிரிந்துவிட்டால் எந்த வாசலில் சந்திப்பது என்று முன்பே பேசிவைக்கச் சொல்லுங்கள். வாசல்களுக்கு எண் உண்டு. கிங் ஃபஹ்த் வாசல் 79.

கணவர் துபாயில் இருக்கிறார். ஒரு மாதம் விசிட்டில் போகிறேன். அங்கிருந்து அம்மாவோடு வாட்ஸ்அப்பில் வீடியோ கால் பேச முடியுமா?
– வாசகி, திருவொற்றியூர்

அமீரக சிம்மில், அது எடிசலாட் ஆனாலும் டு ஆனாலும், வாட்ஸ்அப் மெசேஜ், வாய்ஸ் நோட், படம் எல்லாம் போகும். கால் மட்டும் போகாது. வீட்டு வைஃபையிலும் அப்படித்தான். அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற ஆப்பை உங்கள் போனிலும் அம்மா போனிலும் இப்போதே ஏற்றி, ஒருமுறை பேசிப் பாருங்கள். அங்கே போனபிறகு அம்மாவுக்கு போனிலேயே சொல்லிக்கொடுப்பது கஷ்டம்.

பயண இ-சிம்மில் வாட்ஸ்அப் கால் போகிறது என்று சிலர் சொல்வது பல நேரம் உண்மைதான். அந்த சிம்மின் டேட்டா, சிம்மைக் கொடுத்த நாட்டின் வழியாக இணையத்துக்குப் போகிறது, அமீரகத்தின் வடிகட்டியைத் தொடுவதில்லை. ஒரு மாதத்துக்கு அது கட்டுப்படியாகாது. விபிஎன் (இணையத்தில் நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள் என்பதை மறைக்கும் ஆப்) போட்டுப் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விபிஎன் மூலம் சட்டத்தை மீறுவதற்கு அங்கே அபராதம் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து தொடங்குகிறது.

யூரோப் டூர். பாரிஸில் இறங்கி ஸ்விட்சர்லாந்து, இத்தாலி. பாரிஸ் சிம் ஒன்று போதுமா?
– வாசகர், பெரம்பூர்

இத்தாலிக்குப் போதும், ஸ்விட்சர்லாந்துக்குப் போதாது. ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றின் சிம், 2017 ஜூன் முதல் ஒன்றியத்தின் மற்ற நாடுகளிலும் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லாமல் ஓடுகிறது. நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் நாடுகளும் இதில் சேர்த்தி. ஸ்விட்சர்லாந்தும் பிரிட்டனும் இதில் இல்லை. ஸ்விட்சர்லாந்தில் யுங்ஃப்ராவ் மலை ரயிலில் ஏறியபின்தான் பலருக்கு இது தெரியவருகிறது. "யூரோப்" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பாமல் நாடுகளின் பட்டியலில் ஸ்விட்சர்லாந்து பெயரை விரல் வைத்துத் தேடுங்கள்.

தம்பி சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். கொழும்பு, சிங்கப்பூர், ஜெபல் அலி என்று துறைமுகம் மாறும். எந்த சிம் கொடுத்து அனுப்பலாம்?
– வாசகர், ராயபுரம்

நடுக்கடலில் எந்த சிம்மும் எடுக்காது. அங்கே கப்பலின் சாட்டிலைட் வைஃபை மட்டும்தான். துறைமுகத்திலும், கரைக்கு அருகே நங்கூரமிட்டு நிற்கும் ஆங்கரேஜிலும் கரை சிக்னல் கிடைக்கும்.

ஒவ்வொரு துறைமுகத்திலும் பிளாஸ்டிக் சிம் வாங்குவது நடைமுறைக்கு ஒத்துவராது. கரையிறங்கக் கிடைப்பது சில மணி நேரம். பல கப்பல்களில் பாஸ்போர்ட் கேப்டனிடம் இருக்கும், கையில் கரையிறங்கும் அனுமதிச் சீட்டான ஷோர் பாஸ் மட்டும்தான். சிம் கடையில் கேட்பதோ பாஸ்போர்ட். ஆகவே பல நாடுகள் சேர்ந்த, வேலிடிட்டி நீண்ட இ-சிம்மை வீட்டில் இருக்கும்போதே போனில் ஏற்றிவிடுங்கள். தினசரி ஜிபி தரும் பேக் வேண்டாம், கடலில் இருக்கும் நாளெல்லாம் வீணாகும். மொத்த ஜிபி உள்ளதாகப் பாருங்கள்.

இன்னொன்று, அவருடைய இந்திய நம்பர். தொடர்ந்து 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு நம்பரை நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். பேங்க் கணக்கு அதில்தான் இருக்கும். ஒரு வருட ரீசார்ஜ் போட்டுவிட்டு அனுப்புங்கள்.

'அன்லிமிடெட்' என்று போட்டிருக்கிறதே, அதையே வாங்கிவிடலாமா?
– வாசகர், வியாசர்பாடி

கீழே சின்ன எழுத்தில் தினம் 1 ஜிபி அல்லது 2 ஜிபிக்குப் பிறகு வேகம் குறையும் என்று இருக்கும். எவ்வளவுக்குக் குறையும் என்பதுதான் கேள்வி. 128 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 16 கிலோபைட். ஒரு எம்பி இறங்க ஒரு நிமிடம் ஆகும். மெசேஜ் போகும், மேப் திறக்காது. 1 எம்பிபிஎஸ் என்றால் சமாளிக்கலாம்.

உங்களுக்கு எவ்வளவு தேவை என்று தோராயமாகக் கணக்குப் போடுங்கள். வாட்ஸ்அப் வாய்ஸ் கால் நிமிடத்துக்கு அரை எம்பி, வீடியோ கால் ஐந்து எம்பி. மேப் ஒரு மணி நேரத்துக்கு ஐந்து, பத்து எம்பிக்குள் முடியும். தினம் இருபது நிமிட வீடியோ காலும் மேப்பும் கொஞ்சம் படம் அனுப்புவதும் என்றால் ஒரு வாரத்துக்கு 3 ஜிபி தாராளம். ரீல்ஸ் பார்ப்பவருக்கு அது இரண்டு நாள் கூட வராது. போட்டோ பேக்கப்பும் ஆப் அப்டேட்டும் வைஃபையில் மட்டும் என்று மாற்றிவிட்டுக் கிளம்புங்கள். ஊர் மேப்பை இங்கேயே ஆஃப்லைனில் இறக்கிக்கொள்ளுங்கள்.

இ-சிம்மை எங்கே வாங்குவது? போன முறை அங்கே இறங்கியபின் நெட்டே வரவில்லை.
– வாசகர், எண்ணூர்

வெளிநாட்டு சிம்மை இந்தியாவில் விற்க தொலைத்தொடர்புத் துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். அது இல்லை என்பதால் 2024 ஜனவரியில் இ-சிம் விற்கும் ஏராலோ, ஹோலாஃப்ளை ஆப்களை இங்கே ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கவைத்தார்கள். சான்று உள்ளவர்கள் பாஸ்போர்ட், விசா நகல் கேட்பார்கள். அது முறைதான், கொடுங்கள். இல்லையென்றால் அங்கே இறங்கி விமான நிலைய வைஃபையில் அந்த நாட்டு நிறுவனத்தின் ஆப்பிலேயே எடுக்கலாம்.

இ-சிம்மை ஏற்ற ஸ்கேன் செய்யவேண்டிய க்யூஆர் கோடு உங்கள் போனுக்கே வந்தால் அதே போனில் எப்படி ஸ்கேன் செய்வது? பிரிண்ட் எடுங்கள், அல்லது வேறு போனில் திறந்து காட்டுங்கள். கிளம்புவதற்கு முதல் நாள் வீட்டு வைஃபையில் ஏற்றிவிட்டு, லைனை ஆஃபில் வையுங்கள். வேலிடிட்டி ஏற்றிய நேரத்திலிருந்தா, வெளிநாட்டு நெட்வொர்க்கில் சேர்ந்த நேரத்திலிருந்தா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நெட் வராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இ-சிம்மில் டேட்டா ரோமிங் ஆஃபில் இருப்பது. இந்திய சிம்மில் ஆஃப் செய்யச் சொன்னதை இதிலும் செய்துவிடுகிறார்கள். பயண இ-சிம் பெரும்பாலும் வேறொரு நாட்டு சிம், அது ரோமிங்கில்தான் ஓடும். அதில் ரோமிங் ஆனாக இருக்கவேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் டேட்டாவுக்கு அந்த லைன்தான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஏரோப்ளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள். அடுத்து நெட்வொர்க் தேர்வை ஆட்டோமேட்டிக்கிலிருந்து மாற்றி, பேக்கில் சொன்ன உள்ளூர் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுங்கள். சிக்னல் கோடு முழுதாக இருந்தும் நெட் இல்லையென்றால் பெரும்பாலும் ஏபிஎன் (டேட்டா இணைப்புக்காக சிம் செட்டிங்ஸில் இருக்கும் பெயர்) தவறு. மெயிலில் வந்த ஏபிஎன் பெயரை எழுத்துப் பிசகாமல் அடியுங்கள். ஆண்ட்ராய்டில் விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ் ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

எது செய்தாலும் இ-சிம்மை டெலீட் செய்து மறுபடி ஏற்றப் பார்க்காதீர்கள். பெரும்பாலான க்யூஆர் கோடுகள் ஒருமுறைதான் வேலை செய்யும்.