மகளின் போனில் "செத்துட்டேன்": எதற்குப் பயப்பட வேண்டும்?

கேள்வி: நான் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். ஹட்டனுக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தோட்டத்துக்கு மாதம் ஒரு தடவைதான் போய் வருகிறேன். மனைவி கொழுந்து பறிக்கிறார். ஓ.எல். பரீட்சை எழுதவிருக்கும் 16 வயது மகளின் போனைப் பார்த்தபோது, "செத்துட்டேன்" என்ற வார்த்தையும் பக்கத்தில் மண்டையோட்டுப் படமும் பல இடங்களில் இருந்தன. ஓரிடத்தில் "அன்அலைவ்" என்றும் எழுதியிருந்தாள். இது விளையாட்டா, விபரீதமா? போனை வாங்கி வைத்துவிடலாமா?

பதில்: மண்டையோட்டுப் படத்தோடு வரும் "செத்துட்டேன்" பெரும்பாலும் சிரிப்புதான். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்று நாம் சொல்வதை இன்றைய பிள்ளைகள் அப்படி எழுதுகிறார்கள். அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போகும் அவசரத்தில் "உயிரை வாங்காம எழும்பு" என்று பிள்ளைகளை எழுப்பும் வீடுகள்தானே நம்முடையவை.

"அன்அலைவ்" என்பது சாவையும் தற்கொலையையும் குறிக்கும் மறைசொல். டிக்டொக் போன்ற தளங்கள் அந்த ஆங்கிலச் சொற்கள் உள்ள பதிவுகளை முடக்கிவிடும் என்பதால், அதைத் தவிர்க்கப் பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். நாடகத்தின் வில்லனைப் பற்றியும் எழுதுவார்கள், தங்களைப் பற்றியும் எழுதுவார்கள். ஆகவே மகள் அதை யாரைப் பற்றி எழுதினாள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "கே.எம்.எஸ்." என்றால் "என்னையே கொன்றுகொள்ளப் போகிறேன்" என்பதன் சுருக்கம், கணக்குப் பாடம் விளங்காவிட்டால்கூட அப்படி எழுதுவார்கள். "கே.வை.எஸ்." என்பது எதிரில் இருப்பவரைச் செத்துப்போகச் சொல்வது, அது உங்கள் மகளுக்கு வந்திருந்தால் யாரோ அவளை வதைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். "ஆனா", "மியா" என்பவை தோழிகளின் பெயர்கள் போலத் தோன்றும்; சில இடங்களில் அவை பட்டினி கிடந்து மெலிவதையும், சாப்பிட்டதை வாந்தியெடுப்பதையும் குறிக்கின்றன.

"பூனை கீறிவிட்டது" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதுவது, சில பிள்ளைகளிடம் தன் கையைத் தானே காயப்படுத்தியதைக் குறிக்கும். வெயிலிலும் நீளக் கைச்சட்டை போட்டால் கவனியுங்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். மலையகக் குளிரில் அது பயன்படாது, ஆண்டு முழுக்க ஸ்வெட்டர்தான். பீலியில் துணி துவைக்கும்போதும் கையை மடித்துவிட மறுக்கிறாளா என்று அம்மா பார்க்கலாம்.

"ஆபத்தான இமோஜிகள்" என்று வட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களை நான் பெரிதாக நம்புவதில்லை. அது நம் கைக்கு வரும்போது பிள்ளைகள் வேறு சொல்லுக்கு மாறியிருப்பார்கள். என்னைக் கலங்க வைப்பவை சாதாரணத் தமிழில், பகிடியின் சாயலே இல்லாமல் வரும் வரிகள்: "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு குறையும்", "எல்லாருக்கும் நான்தான் பாரம்", "இனி என்னால தொல்லை இருக்காது". தன் டியூஷன் காசுக்காக அப்பா கொழும்பில் கஷ்டப்படுகிறார் என்று தெரிந்த ஒரு பிள்ளை முதல் வரியை எழுதினால், அதைச் செல்லக் கோபமென்று விட்டுவிடாதீர்கள்.

வார்த்தையைவிட மாற்றம் முக்கியம். நாளெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டவள் திடீரென்று ஓய்ந்துவிடுவது, முகப்புப் படத்தை எடுத்துவிட்டுக் கறுப்பாக விடுவது, விடியற்காலை 2, 3 மணிக்கும் விழித்திருப்பது, ஆசையாக வைத்திருந்த பொருளைத் தங்கச்சியிடம் கொடுத்து "நீயே வச்சுக்க" என்பது, வாரக்கணக்காகத் துவண்டு கிடந்தவள் காரணமில்லாமல் ஒரே நாளில் அமைதியாகிவிடுவது ஆகியவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டாம்.

போனைப் பறிக்காதீர்கள். ஒரே காம்பராவில் எல்லோரும் படுத்து எழும்பும் வீட்டில் அவளுக்கென்று இருக்கும் தனியிடம் அதுதான்; அவளுடைய மனதை அறிந்த ஒரே தோழியும் அதற்குள் இருக்கலாம். இரவில் போனை வேறு இடத்தில் சார்ஜ் போடலாம் என்று பேசி முடிவெடுப்பது வேறு விஷயம்.

நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும்படி வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்து விசாரிக்காமல், கடைக்கு நடந்து போகும் வழியில், "உன் போனைப் பார்த்தேன், பயந்துட்டேன். செத்துப்போகலாம்னு நினைப்பு வருதா?" என்று கேட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கும் வரை புத்திமதி சொல்லாமல் இருங்கள்.

ஆம் என்றால் அவளைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் மரக்கறிப் பாத்திகளுக்குத் தெளிக்கும் மருந்தையும் அன்றைக்கே அப்புறப்படுத்திப் பூட்டுங்கள். 1990களின் நடுவில் உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதம் கொண்ட நாடுகளில் ஒன்றாக இருந்த இலங்கையில், கடும் நச்சுக் கிருமிநாசினிகள் தடைசெய்யப்பட்ட பின் அந்த வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த உந்துதல் பல நேரங்களில் குறுகியது என்பதால், கைக்கெட்டாத தூரமே உயிரைக் காக்கிறது. தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். தமிழில் பேச வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாராவது அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்றால் சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. உடனடி ஆபத்தென்றால் 1990 அம்புலன்ஸ். பொலிஸ் வழக்காகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மறைக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு. தற்கொலை முயற்சி இந்த நாட்டில் 1998 முதல் குற்றமில்லை.

"சும்மா பகிடிக்கு எழுதினேன் அப்பா" என்று சொல்லி அவள் சிரித்தால் நம்புங்கள். ஆனாலும் அடுத்த வாரம் கொழும்பிலிருந்து அழைக்கும்போது, படிப்பைப் பற்றிக் கேட்பதற்கு முன் ராத்திரி நித்திரை வந்ததா என்று கேளுங்கள்.