கேஸிஃபையரில் தார் வழிகிறதா? வடிகட்டியை வாங்காதீர்கள்

கேள்வி: சிங்கப்பூர் கிராஞ்சியில் உறவினரின் பண்ணையில் பழைய டிரம்மைக் கொண்டு மரவாயு கேஸிஃபையர் செய்தேன், அதாவது குறைந்த காற்றில் மரத்தை எரித்து ஜெனரேட்டருக்கு எரிவாயு தரும் கலன். பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரம்தான் எரிபொருள். முதலில் நன்றாக எரிகிறது. சற்று நேரத்தில் வெள்ளைப் புகையாக வந்து அணைந்துவிடுகிறது. ஜெனரேட்டருக்குள் தார், மரப்புகையிலிருந்து வரும் அந்தப் பிசுபிசுப்பு, ஒட்டிக்கொண்டது. ஒருவர் 400 வெள்ளிக்கு வடிகட்டி தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தாரை வெளியே வந்தபின் வடிகட்டிக் கட்டுப்படியாகாது. கலனுக்குள்ளேயே உடைக்க வேண்டும். காற்று நுழையும் துளைகளை ஒட்டிக் கலன் குறுகும் இடத்தில் 1000 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு இருந்தால் தார் சிதைந்து எரிவாயுவாகும். ஈர மரம் போட்டால் அந்தச் சூடு தண்ணீரை ஆவியாக்குவதிலேயே தீர்ந்துபோகும். நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புகை அதுதான்.

பேலட்டில் 'எச்டி' முத்திரை இருக்கிறது, சூடாக்கிய மரம், காய்ந்தது என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்குவார்கள். நம்பாதீர்கள். மரத்தின் நடுப்பகுதியை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்தார்கள் என்பதே அதன் பொருள். பூச்சி சாகும், மரம் காயாது. 'எம்பி' முத்திரை என்றால் மெத்தில் புரோமைடு புகையூட்டியது, தொடவே வேண்டாம். சாயம் பூசியது, பிளைவுட், இதெல்லாமும் கூடாது.

200 கிராம் மரத்துண்டை 105 டிகிரி ஓவனில் எடை குறைவது நிற்கும்வரை வையுங்கள். 150 கிராமுக்கு வந்தால் ஈரம் 25 சதவீதம். அது ஆகாது, 15க்குள் வேண்டும். நம் ஊர்க் காற்றில் நிழலில் அடுக்கி வைத்து அதற்குக் கீழே இறக்குவது கடினம். எஞ்சினின் வீண் சூட்டில் அடுத்த மூட்டையைக் காயவைத்து, மூடியுள்ள டிரம்மில் போட்டு வையுங்கள். துண்டு தீப்பெட்டி அளவு போதும். சாம்பல் தூசிக்கு வடிகட்டி வேண்டும்தான். மரத்தூளும் துணியும் வைத்து நீங்களே செய்யலாம்.

ஒரு விதிவிலக்கு, அடுப்புக்கரி. தார் கொடுக்கும் ஆவி கரி மூட்டும்போதே போய்விடுவதால் குறுகிய கழுத்தே தேவையில்லை, ஒரு காற்றுக்குழாய் போதும். ஆனால் நன்றாக வெந்த கரியாக வேண்டும்: உடைத்தால் கணீரென்று கேட்க வேண்டும். பாதி வெந்ததில் தார் மிச்சமிருக்கும். பார்பிக்யூவுக்கு விற்கும் அச்சுக்கரி வேண்டாம், பசை கலந்தது. கரியை உடைத்துச் சலித்துத் தூளை நீக்குங்கள். குழாய் முனை உருகிவிடும், மாற்றும்படி பொருத்துங்கள். மரவாயுவில் ஐந்தில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடு. கரி வாயுவில் இன்னும் அதிகம். அதற்கு வாசமே கிடையாது. கொட்டகைக்குள் ஓட்டவே கூடாது.

அப்புறம் அனுமதி. இது புகை விவகாரம் என்று ஓர் அலுவலகம் கைகாட்டும், எரிவாயு விவகாரம் என்று இன்னொன்று. ஒரு டிரம்முக்கு இத்தனை அலைச்சல்! எழுத்தில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள். வாங்கித் தருகிறேன் என்று ஏஜென்ட் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். பணத்தை வாங்கிக்கொண்டு அவரும் அதே படிவத்தைத்தான் நிரப்பப் போகிறார்.