அப்பா செய்த அலமாரி

அன்புள்ள ஐயா,

என் அப்பா தச்சர். நாற்பது வருடமாக உளி பிடிப்பவர். நான் கணினி வேலைக்குப் போய்விட்டேன். சென்ற மாதம் எனக்கு ஒரு புத்தக அலமாரி செய்து கொடுத்தார். மேலே கதவுகள், கீழே அடுத்தடுத்து இரண்டு டிராயர்கள். 'சூப்பரா இருக்குப்பா' என்றேன். 'ம்' என்றதோடு சரி, இழைப்புளியைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுத்த வாரம் வந்த அலுவலக நண்பர், 'எந்தக் கடையில் வாங்கினீர்கள்?' என்று கேட்டார். நான் பேச்சை மாற்றிவிட்டேன். அப்பா பக்கத்து அறையில் இருந்தார். அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை, எனக்குத்தான் தூக்கம் போய்விட்டது. அவர் வேலையை மதிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

செ.

அன்புள்ள செ.,

காதில் விழுந்திருக்கும். பக்கத்து அறை அவ்வளவு தூரமில்லை. அதற்காக இப்போது போய் மன்னிப்புக் கேட்டு அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

'சூப்பர்' என்பதைப் பார்சலில் வந்த செருப்புக்கும் சொல்கிறோம். நாற்பது வருடம் உளி பிடித்தவருக்குத் தன் வேலை நன்றாக வந்திருப்பது நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதில் நீங்கள் எதைக் கவனித்தீர்கள் என்பதுதான் அவருக்குத் தெரியாது. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியாது போலிருக்கிறது.

இன்று ஒரு காரியம் செய்யுங்கள். அந்த டிராயர்களில் ஒன்றை லேசாகத் திறந்து வைத்துவிட்டு, மற்றதை விறுவிறுவென்று உள்ளே தள்ளுங்கள். திறந்திருப்பது தானாகக் கொஞ்சம் வெளியே நகர்ந்தால், அப்படியே உட்கார்ந்துவிடுங்கள். டிராயருக்கும் அதன் கூட்டுக்கும் நடுவே இடைவெளி அவ்வளவு குறைவு என்று அர்த்தம். உள்ளே அடைபட்ட காற்று போக வழியில்லாமல் பக்கத்து டிராயரைத் தள்ளுகிறது. அளவுகோலை வைத்து மட்டும் அதைக் கொண்டுவர முடியாது. ஒரு சீவு சீவி, தள்ளிப் பார்த்து, இன்னொரு சீவு சீவி... எங்கே நிறுத்துவது என்று கைதான் சொல்லும். ஒரு சீவு கூடிப்போனால் பலகை வீண்.

அப்புறம் கதவு. நடுப்பலகையைச் சட்டத்தில் வெட்டிய நீளப் பள்ளமான காடிக்குள் சும்மா நிறுத்தியிருப்பார், பசை போட்டிருக்க மாட்டார். ஈரக்காற்றில் மரம் குறுக்குவாட்டில் விரியும், வறண்டால் சுருங்கும். நீளவாட்டில் அநேகமாக மாறவே மாறாது. பசை போட்டு இறுக்கினால் நாளடைவில் பலகை வெடிக்கலாம். அதாவது, இனி வரப்போகும் மழைக்காலங்களுக்கும் சேர்த்து இப்போதே இடம் விட்டிருக்கிறார். சட்டத்தின் மூலையில் ஒரு கட்டையின் முனையைச் செதுக்கி, இன்னொன்றில் தோண்டிய துளைக்குள் இறக்கியிருப்பார். ஜெர்மனியில் தோண்டியெடுத்த 7000 ஆண்டுப் பழமையான கிணறுகளின் மரவேலையிலும் இந்த வகைப் பொருத்து இருந்தது. இரும்பே வராத காலம், கல் வாச்சியால் செதுக்கியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்து அவரிடம் ஒப்பிக்காதீர்கள், சிரிப்பார். கேள்வியாகக் கேளுங்கள். 'ஏம்ப்பா இந்தப் பலகைக்குப் பசை போடல?' என்ற ஒரு கேள்வி போதும்.

என் கதையும் கிட்டத்தட்ட இதுதான். அம்மா தையல் வேலை செய்தார். கல்லூரி முடியும்வரை அவர் தைத்த கட்டம் போட்ட சட்டைகளைத்தான் போட்டேன். முப்பது வயதுக்கு மேல் ஒருநாள் கடையில் வாங்கிய சட்டையை மடிக்கும்போது, பாக்கெட்டில் கட்டங்கள் கோணலாக வெட்டுப்பட்டிருப்பது கண்ணில் பட்டது. பழைய சட்டையை எடுத்துப் பார்த்தேன். பாக்கெட் இருக்கும் இடமே தெரியவில்லை, கோட்டுக்குக் கோடு அப்படிச் சேர்ந்திருந்தது. அம்மாவிடம் கேட்டேன். 'இப்பத்தான் கண்ணு தெரிஞ்சுதா?' என்றவர், அரை மணி நேரம் பேசினார். கட்டம் சேர எவ்வளவு துணி கூடுதலாகப் போகும், சட்டைக் கையை வைத்துத் தைக்கும் இடத்தில் வரும் துளிச் சுருக்கத்தை எப்படி மறைப்பது என்றெல்லாம். அவ்வளவு நேரம் தன் வேலையைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. கேட்டால்தானே பேசுவார்.

இன்னும் இரண்டு விஷயம். 'அப்பாதானே' என்று உறவுக்காரர்கள் அவரை இலவசமாக வேலை வாங்குகிறார்களா என்று பாருங்கள். வாங்கினால் குறுக்கே நில்லுங்கள். நீங்களும் மரத்துக்கு மட்டும் காசு கொடுத்திருந்தால், கூலியையும் கொடுங்கள். வேண்டாம் என்பார், கொடுங்கள். அதோடு நல்ல முகக்கவசம் ஒன்றும் வாங்கித் தாருங்கள். மரத்தூள் மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. அவர் தலைமுறையில் பலர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார்கள்.

உளி பிடிக்கவில்லையே என்ற குற்ற உணர்ச்சி மட்டும் வேண்டாம். உங்களைக் கணினி முன்னால் உட்கார வைக்கத்தான் அவரும் உழைத்திருப்பார்.

அந்த நண்பர் மறுபடி வந்தால் டிராயரைத் தள்ளிக் காட்டுங்கள். எப்படி என்று கேட்பார். 'எனக்குத் தெரியாது, அப்பாவைக் கூப்பிடறேன்' என்று சொல்லி, பக்கத்து அறைக் கதவைத் திறங்கள்.