தபால்காரர் பதில்கள்: பக்கத்து நாட்டுக்கு ஒரு தூதர்

எஸ்.ஆர்., தென்காசி: லண்டனில் இந்தியாவுக்கு ஹைகமிஷனர், இலங்கைக்கும் ஹைகமிஷனர். நம்மைப் போலவே பிரிட்டனிடமிருந்து விடுபட்ட அயர்லாந்துக்கு மட்டும் தூதர். ஏன்?

காமன்வெல்த் நாடுகள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்பவர் ஹைகமிஷனர். மற்ற நாடுகளோடு என்றால் தூதர். அயர்லாந்து 1949-ல் காமன்வெல்த்தை விட்டுப் போய்விட்டது. பதில் அவ்வளவுதான். ஆனால் இந்தப் பதிலுக்கு வந்து சேர்வதற்குள் அவர்கள் அடித்த கூத்தைச் சொல்லாமல் விட மனசில்லை. தபால் இலாகாவில் இருந்தவன் நான். உறையில் பதவிப் பெயர் தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

1922 டிசம்பரில் அயர்லாந்து சுதந்திர அரசு பிறந்தது. சுதந்திரம் உண்டு, ராஜா மட்டும் பிரிட்டிஷ் ராஜா. கனடா மாதிரி ஒரு டொமினியன். அதன் தலைநகர் டப்ளின் தன் ஹைகமிஷனரை லண்டனுக்கு அனுப்பியது. லண்டன் பதிலுக்கு அப்படி ஒருவரை அனுப்பவே இல்லை. சாம்ராஜ்யத்துக்குள்ளேயே தூதர் எதற்கு என்ற எண்ணம்தான். 1939 வரை இது ஒருவழிப் பாதை.

1932-ல் ஆட்சிக்கு வந்த டி வலேரா, ராஜாவின் பெயரை இருக்கும் இடத்திலெல்லாம் சுரண்டி எடுக்க ஆரம்பித்தார். 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்டு முடி துறந்தார் அல்லவா? அந்தச் சூட்டோடு அரசியல் சட்டத்திலிருந்தே ராஜாவை நீக்கிவிட்டார். ஆனால் முழுசாக இல்லை. அயர்லாந்து வெளிநாடுகளுக்கு அனுப்பும் தூதர்களின் நியமனப் பத்திரத்தில் மட்டும் ராஜா கையெழுத்துப் போடலாம் என்று ஒரு சட்டம் வைத்தார். உள்ளூரில் ராஜா கிடையாது, வெளியூரில் உண்டு! டப்ளினில் பழைய தபால் பெட்டிகளைப் பார்த்தால் இது புரியும். சிவப்புப் பெட்டிகளுக்குப் பச்சை வர்ணம் அடித்துவிட்டார்கள். வார்ப்பிரும்பில் இருக்கும் விக்டோரியா மகாராணியின் முத்திரை எழுத்துகள் பச்சைக்குள்ளிருந்து இன்றும் புடைத்துக்கொண்டு நிற்கின்றன.

இந்தச் சட்டம் 1939-ல் அவர்களுக்கே வினையாக வந்தது. பெர்லினுக்குப் புதிய தூதரை அனுப்ப வேண்டும். தாமஸ் கீர்னன் என்று ஆளும் பார்த்தாகிவிட்டது. செப்டம்பரில் யுத்தம் மூண்டது. நியமனப் பத்திரம் ஹிட்லர் பெயருக்கு எழுதப்பட வேண்டும். கையெழுத்துப் போட வேண்டியவரோ ஹிட்லரோடு யுத்தத்தில் இருக்கும் ஆறாம் ஜார்ஜ். எந்த முகத்தோடு போய்க் கேட்பது? கீர்னன் பெர்லினுக்குப் போகவே இல்லை. அங்கே இருந்த வில்லியம் வார்னாக் என்ற இளம் அதிகாரி ‘பொறுப்பு’ என்ற அடைமொழியோடு வருஷக்கணக்கில் தூதரகத்தை ஓட்டினார். பொறுப்பு அதிகாரிக்கு ராஜா கையெழுத்து வேண்டியதில்லை.

அதே செப்டம்பரில் லண்டனுக்கும் ஞானம் பிறந்தது. முந்தின வருஷம்தான் மூன்று துறைமுகங்களை அயர்லாந்திடம் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். இப்போது அந்த நாடு நடுநிலை என்று ஒதுங்கி நிற்கிறது, டப்ளினில் ஜெர்மன் தூதர் இருக்கிறார், பிரிட்டனுக்கு ஆளில்லை. ஜான் மாஃபியை அனுப்புவது என்று முடிவானது. என்ன பதவிப் பெயர் கொடுப்பது? ஹைகமிஷனர் என்றால் டி வலேரா சம்மதிக்க மாட்டார், தானும் ஒரு டொமினியன்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். தூதர் என்றால் லண்டன் சம்மதிக்காது, அயர்லாந்து வெளிநாடு என்று எழுதிக் கொடுத்ததாகிவிடும். கடைசியில் ‘பிரதிநிதி’ என்று வைத்தார்கள். எந்த அந்தஸ்தும் இல்லாத அந்தப் பெயரோடு மாஃபி 10 வருஷம் அங்கே இருந்தார், யுத்தக் காலம் முழுக்க டி வலேராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். இந்த மழுப்பல் நல்லதற்குத்தான் என்பேன். பெயரை முதலில் தீர்த்துக்கொண்டுதான் பேச்சு என்று இருந்திருந்தால் அந்த ஆறு வருஷமும் பேச்சே நடந்திருக்காது.

அப்புறம் 1949 ஏப்ரல் 18, ஈஸ்டர் திங்கள். அயர்லாந்து குடியரசானது, காமன்வெல்த்தையும் விட்டது. அதே மாதக் கடைசியில் லண்டனில் கூடிய பிரதமர்கள், இந்தியா குடியரசான பிறகும் காமன்வெல்த்தில் இருக்கலாம் என்று முடிவு செய்தார்கள். பத்து நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அயர்லாந்துக்காரர்களின் மனக்குறை ராஜாவோடு நிற்கவில்லை, பிரிந்துபோய் பிரிட்டனோடு தங்கிவிட்ட வடக்கு ஆறு மாவட்டங்களும் இருந்தன. 1950-ல்தான் இரு பக்கமும் ‘தூதர்’ பலகை மாட்டின. இதற்கிடையே பிரிட்டன், அயர்லாந்து வெளிநாடு அல்ல என்று 1949-ல் ஒரு சட்டமே போட்டுவிட்டது. வெளிநாடே அல்லாத நாட்டுக்குத் தூதர்!

வாசகி, மதுரை: ஹிட்லர் செத்ததற்கு டி வலேரா துக்கம் விசாரித்தாராமே, நிஜமா?

நிஜம். 1945 மே 2, ஜெர்மன் தூதர் ஹெம்பெலை நேரில் போய்ப் பார்த்தார். மூன்று வாரம் முன்பு அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இறந்தபோது நாடாளுமன்றத்தையே ஒத்திவைத்தவர் அவர். ஒருவருக்குச் செய்து இன்னொருவருக்குச் செய்யாவிட்டால் நடுநிலை என்னாவது என்பது அவர் கணக்கு. வதை முகாம்களின் செய்திகள் வெளிவந்துகொண்டிருந்த நேரத்தில் இப்படி ஒரு கணக்கு. முறை தவறாதவர்தான், ஆனால் அன்றைக்கு அவர் வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

கே.வி., காரைக்குடி: டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகத்தை எரித்தார்கள் என்று படித்தேன். எப்போது?

1972 பிப்ரவரி 2. மூன்று நாள் முன்பு வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் ஊர்வலம் போனவர்கள்மேல் பிரிட்டிஷ் பாராசூட் படையினர் சுட்டு 13 பேர் இறந்திருந்தார்கள். காயமடைந்த இன்னொருவர் பிறகு இறந்தார். அயர்லாந்து லண்டனிலிருந்து தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. இறுதிச் சடங்கு நாளன்று மெரியன் சதுக்கம் 39-ஆம் எண் வீட்டின் முன்னால் பல்லாயிரம் பேர் கூடினார்கள், பெட்ரோல் குண்டுகள் பறந்தன, கட்டடம் எரிந்து போனது.

அதைவிடக் கொடியது 1976 ஜூலை 21. பிரிட்டிஷ் தூதர் கிறிஸ்டோபர் யூவர்ட்-பிக்ஸ் பதவிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஒரு கண்ணை இழந்து, அதன்மேல் கறுப்புக் கண்ணாடிச் சில்லு அணிந்திருந்தவர். சாண்டிஃபோர்டில் தன் வீட்டிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில், சாலைக்கு அடியில் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்திருந்த கண்ணிவெடியில் கார் சிதறியது. கூட வந்த ஜூடித் குக் என்ற இளம் அதிகாரியும் போனார். தூதரின் மனைவி ஜேன், அயர்லாந்தில் சமாதானத்துக்கு உதவும் எழுத்துக்கென்று கணவர் பெயரில் ஒரு பரிசை நிறுவினார்.

பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை: இந்தக் கதையில் நம் ஊர் சம்பந்தம் ஏதாவது உண்டா?

ஊருக்கு இல்லை, நாட்டுக்கு உண்டு. லண்டனுக்குப் போன முதல் அயர்லாந்து ஹைகமிஷனர் ஜேம்ஸ் மெக்நீல், இந்தியாவில் ஐ.சி.எஸ். அதிகாரியாக இருந்தவர். சிம்மன் லால் என்பவரோடு கப்பலேறி டிரினிடாட், ஃபிஜி கரும்புத் தோட்டங்களில் நம் ஒப்பந்தக் கூலிகளின் நிலையை விசாரித்து அறிக்கை எழுதினார். அந்தக் கூலி முறைக்குச் சாதகமாகத்தான் எழுதினார், அதில் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. பிறகு அயர்லாந்தின் கவர்னர் ஜெனரலாகி, டி வலேராவால் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

மாஃபி, நம் வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தின் தலைமை கமிஷனர். 1923-ல் கோஹாட்டில் கடத்தப்பட்ட மாலி எல்லிஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை மீட்டது அவர் காலத்தில்தான்.

மூன்றாமவர் கில்பர்ட் லெய்த்வைட். வைஸ்ராய் லின்லித்கோவின் அந்தரங்கச் செயலாளர். 1950-ல் டப்ளினில் முதல் பிரிட்டிஷ் தூதர் என்ற பட்டம் இவருக்குத்தான் கிடைத்தது. அவர் பிறந்த ஊரே டப்ளின். அடுத்த வருஷம் அவரை பாகிஸ்தானுக்கு மாற்றினார்கள், ஹைகமிஷனராக.