ஆறு நாள் உஸ்பெகிஸ்தான் பயணத்தில் கீவாவை விட்டுவிடலாமா?

வணக்கம். முழங்கால் வலியுள்ள எழுபது வயதுத் தாயாரை அழைத்துச் செல்லும் ஆறு நாள் பட்டுப்பாதைப் பயணத்தில், புகாராவிலிருந்து பழைய கோட்டை நகரமான கீவாவுக்குக் காரில் சென்று மறுநாளே திரும்பும் ஏற்பாடு சரிதானா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. கிசில்கும் பாலைவனத்தின் ஊடாகச் செல்லும் அந்தச் சாலை ஒருவழிக்கே ஏறத்தாழ 450 கிலோமீட்டர் என்பதால், இரண்டு பகல்களின் பெரும்பகுதி காரிலேயே கழிந்துவிடும். கீவாவைக் கட்டாயம் பார்க்க வேண்டுமென்றால், தாஷ்கண்டிலிருந்து கீவாவுக்கு அருகிலுள்ள உர்கெஞ்சு நகருக்கு விமானத்தில் சென்று அங்கிருந்தே பயணத்தைத் தொடங்கினால், அந்தச் சாலையை ஒருமுறை கடந்தால் போதும்.

கீவாவை விட்டுவிட்டால் மிஞ்சும் நாட்களைப் புகாராவுக்கே கொடுங்கள். 1127-இல் எழுப்பப்பட்ட கல்யான் மினாரும், முசுக்கட்டை மரங்கள் நிழல்தரும் லப்-இ-ஹவுஸ் குளக்கரையும், குவிமாடங்களுக்குக் கீழே இயங்கும் பழைய அங்காடிகளும் நடக்கும் தொலைவிலேயே இருப்பதால், அம்மா களைத்தால் அறைக்குத் திரும்பி ஓய்வெடுத்துவிட்டு மாலையில் மீண்டும் வரலாம். என் பார்வையில் அந்த ஊரின் அழகே மாலையில்தான் இருக்கிறது. தாஷ்கண்ட், சமர்கந்து, புகாரா மூன்றையும் அஃப்ரோசியோப் விரைவு ரயில் இணைக்கிறது; பயணச்சீட்டு விரைவில் தீர்ந்துவிடும் என்பதால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள்.

சமர்கந்தில் ரெஜிஸ்தான் சதுக்கம் சமதளம்; அங்குள்ள மூன்று மதரசாக்களையும் அம்மா நிதானமாகப் பார்க்கலாம். ஷாஹி-ஜிந்தா கல்லறை வளாகத்தில் மட்டும் செங்குத்தான படிகள் உண்டு, அதை வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஜூலையில் வெயில் 40 பாகையை எட்டும். ஏப்ரலோ செப்டம்பர் இறுதியோ அவருக்கு ஏற்றது.