பீரோவில் வைக்கப்போகும் ஹார்ட் டிஸ்க்குக்கு எந்த ஃபார்மட்?

கேள்வி: பல வருஷத்துப் போட்டோ, கல்யாண வீடியோ எல்லாம் லேப்டாப்பை அடைத்துக்கொண்டிருக்கின்றன. 4 டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி, அதில் ஏற்றி பீரோவில் வைத்துவிடலாம் என்றிருக்கிறேன். என்னுடையது விண்டோஸ், மகளுடையது மேக். கடைக்காரர் எக்ஸ்ஃபேட் என்கிறார், லினக்ஸ் பழகிய தம்பி ஈஎக்ஸ்டி4 என்கிறான். எதைக் கேட்பது?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: இரண்டும் வேண்டாம், என்டிஎஃப்எஸ் போடுங்கள் (மூன்றுமே ஃபார்மட்கள், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிக் கணக்கு வைக்கும் முறைகள்).

ஈஎக்ஸ்டி4 நல்லதுதான், ஆனால் விண்டோஸும் மேக்கும் அதைத் தாமாகத் திறக்காது. அதோடு அதில் ஃபைல் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. தமிழில் ஒரு குறிக்கு 3 பைட், கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனிக் குறிகள், ஆக 85 குறியோடு பெயர் முடிந்துவிடும். ‘பெரியக்கா கல்யாணம் மாப்பிள்ளை அழைப்பு’ என்பதைவிடவும் நீட்டித் தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு இது இடிக்கலாம். என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் இரண்டிலும் 255 குறிகள் வரை போகலாம்.

எக்ஸ்ஃபேட்டை விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம், பழைய ஃபேட்32 ஃபார்மட் போல ஒரு ஃபைலுக்கு 4 ஜிபி என்ற தடையும் கிடையாது. கடைக்காரர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எக்ஸ்ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஏடு) இல்லை, அதனால் காப்பி ஓடும்போது கரண்ட் போனாலோ யாராவது கேபிளைப் பிடுங்கினாலோ எந்த ஃபைல் எங்கே என்கிற கணக்கே குழம்பிப்போகலாம். என்டிஎஃப்எஸ் மாற்றங்களைக் குறித்துக்கொண்டே போவதால் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும் (பாதியில் நின்ற ஃபைலை மட்டும் திரும்ப ஏற்ற வேண்டும்). மேக் அதைப் படிக்கும், எழுதாது. பத்திரப்படுத்தும் டிஸ்க்குக்கு அது நல்லதாகவே போயிற்று: மகள் படம் பார்க்கலாம், கை தவறி எதையும் அழிக்க முடியாது.

சரி, இத்தனைக்கும் அப்புறம் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரு போட்டோவுக்குள் நாலு பைட் சத்தமில்லாமல் மாறிப்போனால் மேலே சொன்ன எதுவுமே கவனிக்காது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் என்கிற வேறு ஃபார்மட்கள் கவனிக்கும், ஆனால் ஒரே டிஸ்க்கில் ஒரே பிரதி என்றால் கெட்டுவிட்டது என்று சொல்லுமே தவிர எங்கிருந்து எடுத்துச் சரிசெய்யும்? அதனால் இரண்டாவது டிஸ்க் ஒன்று வாங்கி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி வேண்டாம், கரண்டே காட்டாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதிலிருக்கும் டேட்டா போய்விடலாம்) மகள் வீட்டில் வையுங்கள். ஃபைல்களுக்கு எஸ்எச்ஏ-256 செக்சம் (ஃபைலில் ஒரு பைட் மாறினாலும் தானும் மாறிவிடும் அடையாள எண்) பட்டியல் எடுத்து இரண்டு டிஸ்க்கிலும் போட்டு, வருஷத்துக்கு ஒரு முறை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த ஒப்பீட்டை முதல் தடவை முடிக்கும்வரை லேப்டாப்பில் இருப்பதை அழிக்காதீர்கள்.